ஜோபி வச்ச கைலி

தேசப்பன் சொல்லும் இந்தக் கதையைச் சூர்யநாராயணன் பல வருஷமாகவே முழுசாக நம்பியதில்லை. அவர் திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிறவர். கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுவார். எதிர்க்கேள்வி போட்டால் அவன் மனசு நோகுமே என்று தயக்கம். அது தயக்கமா சோம்பலா என்று அவருக்கே நிச்சயமில்லை. இன்று கல்யாணச் சமையல் பேச, தேசப்பனின் அக்கா வீட்டுக்காரர் அரசுவைப் பார்க்கப் பொதட்டூர்பேட்டை பஸ் ஏறினார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் அவனேதான்.

“...அவன் ஒருத்தனாலதான் சாமி எல்லாம்! எங்க பாவா கீறாரே, அக்கா வூட்டுக்காரரு, ஆசையா நெய்ஞ்சாரு, ஜோபி வச்ச கைலி. ஜோபில செல்லு போட்டுக்கலாம், குனிஞ்சாலும் வுழாது. நல்ல சரக்கு. மண்டபம் புடிச்சி, காபி குடுத்து, அறிமுக விழா வெச்சாரு. பேச யார கூட்டியாந்தாரு? ஒரு மெட்ராஸ்காரன! காதுல மைக்கு மாட்டிகினு இப்படிக்கா நடக்கறான், அப்படிக்கா நடக்கறான். ‘கைலி வெறும் துணி இல்லீங்க, அது ஒரு வாழ்க்கை முறை’ன்றான்! தறி வூட்ல பொறந்தவங்களுக்கு சாமி, கைலின்னா இன்னான்னு பாடம் எடுக்கறான்! படம் போடறான், படம் போடறான்... கைலிய மட்டும் கண்ணுல காட்டல.

“நம்ம திருத்தணி பஸ்டாண்டுல பிளாஸ்டிக் ஸ்டூலு விப்பானே ஒருத்தன், பாத்துகீறீங்களா? வாயே தொறக்க மாட்டான். ஸ்டூல போடுவான், ஏறி நிப்பான், ஒரு குதி. அவ்ளோதான், ஜனம் வாங்கிகினு போவும். விக்கறவன் அதும்மேல ஏறி நிக்கணும் சாமி! அத வுட்டுட்டு... ஆங், இன்னா சொல்லிகினு இருந்தேன்?

“அப்பறம் என்ன கூப்ட்டாரு பாவா, ‘ரெண்டு வார்த்த பேசு மச்சான்’னு. மேடையாச்சே! சட்டைய உள்ள வுட்டு, பெல்ட்ட இறுக்கிகினு, வேர்வ ஊத்துது. மைக்க புடிச்சேன். ‘இந்தக் கைலிய கட்னவன் ஜென்மத்துக்கும் வேற எதையும் தொடமாட்டான்’னேன். எப்படி கீது? கூட்டம் கொல்லுன்னு சிரிச்சிது! மேல பேசவே வுடல. முன்னால ஒரு அம்மா என்ன கைய காட்டிக் காட்டி சிரிக்கறாங்க. இன்னாத்துக்கு? அல்லாம் அந்த மெட்ராஸ்காரன் மேல கடுப்பு! அப்டியே எழுந்து போயிட்டாங்க. ஒரு கைலி போணியாவல. இன்னிக்கும் பாவா வூட்டுப் பரண்ல கட்டு கட்டா கீது.

“அன்னிலேர்ந்து பாவா என்னாண்ட பேசறதில்ல. இப்போ பொண்ணு கல்பனாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் சாமி நானு! ஊருக்கே பத்திரிக வெச்சிட்டு எனக்கு வெக்கல. நான் இல்லாம இன்னா கல்யாணம் அது? நீங்க சொன்னா கேப்பாரு. ‘தப்பு தேசப்பன் மேல இல்ல, அந்தப் பேச்சுக்காரன் மேல’ன்னு ஒரே வார்த்த... சொல்றீங்களா?”

பஸ் நின்றது. சொல்லலாம்தான். சொல்லத்தான் அவருக்கும் ஆசை. ஆனால் கடுப்பான கூட்டம் எழுந்து போகும், சரி. சிரிக்குமா?

“தேசப்பா,” என்றார், “அன்னிக்கு மேடையில நீ இடுப்புல என்ன கட்டிண்டிருந்தே?”