கூடுதலாக ஒரு மணி நேரம்

கல்லூரி நுழைவுத் தேர்வில் மூன்று முறை தோற்றுவிட்டு, நேரம் போதவில்லை என்று இன்றுவரை சொல்லித் திரியும் மண்டு நான். நத்தம் பேருந்தில் எனக்கு முன்சீட்டில், அதே தேர்வை எழுதித் திரும்பும் இரண்டு பெண்கள். ஒருத்திக்குப் பார்வையில்லை.

“ஒனக்கென்னடி, ஒரு மணி நேரம் கூட. எழுத ஆளு வேற!”

“ஆளா? நம்மளவிடக் கீழ்கிளாஸா இருக்கணும்னு பத்தாப்புப் புள்ளைய விட்டாங்க. கணக்குல வர்ற கிராஃபு எப்புடி இருக்குன்னு கேட்டா, ‘கோடு வளைஞ்சு போகுதுக்கா’ங்குது. எங்க ஏறுது, எங்க எறங்குதுன்னு கேட்டுக் கேட்டே அந்த ஒரு மணியும் போச்சு. அஞ்சு கணக்க விட்டுட்டேன். சீட்டு கெடைக்காதுடி.”

“இருந்தாலும் ஒரு மணி நேரம்டி!”

எனக்கும் அதே வயிற்றெரிச்சல். “அது எனக்குக் கெடச்சிருந்தா நானும் இஞ்சினியரும்மா” என்று வாயை விட்டேன்.

பார்வையில்லாதவள் திரும்பாமலே சொன்னாள்: “அந்தப் பத்தாப்புப் புள்ளையவும் சேத்தே வாங்கிக்கங்கண்ணே.”