ராக்கு குடுத்துவிட்ட மீன்

மனுசரு கொஞ்சமாவும் வேலங்காடு நெறையாவும் இருந்த காலத்துல, கோரவயல்னு ஒரு ஊரு இருந்துச்சாம். ஊருக்கு மேக்க ஒரு கண்மாய். இந்தக் கரையில நின்னு பாத்தா அந்தக் கரையில மேயிற மாடு ஆட்டுக்குட்டி மாதிரித் தெரியுமாம். அம்புட்டுப் பெருசு.

அந்தக் கண்மாய்க்கு மடைக்காவல் பாத்தவ ராக்கு. பொம்பளை எப்படிக் காவல் பாத்தான்னு கேப்பீக. மொதல்ல அவ புருசன் சேவுகந்தான் பாத்தாரு. ஒரு ஐப்பசி வெள்ளத்துல மடையத் தொறக்க முங்குனவரு எந்திரிக்கவே இல்ல. பிள்ளை குட்டியும் கெடையாது. ஊரு கூடி, "சேவுகன் பாத்த காவலை நீயே பாருத்தா"ன்னு சொல்லுச்சு. பாத்தா.

கோடை வந்து தண்ணி வத்துனா ஊரே கண்மாயில எறங்கி மீன் பிடிக்கும். விராலு, கெளுத்தி, கெண்டைன்னு வீட்டுக்கு வீடு கொழம்பு மணக்கும். ஆனா மடைக்கு முன்னாடி ஒரு பள்ளம் இருக்கு பாருங்க, அதுல மட்டும் யாரும் கால வைக்க மாட்டாக. அதுல கெடக்கிறது விதைமீனு. மழை பெஞ்சு கண்மாய் பெருகுனா, அதுகதான் குஞ்சு பொரிச்சு கண்மாய நெறைக்கணும். அந்தப் பள்ளத்தைக் காக்குறதுதான் ராக்குவுக்கு வேலை.

அப்ப வந்துச்சாம் ஒரு பஞ்சம். வானம் வெளுத்துப் போச்சு. ஒரு வருசம் பெய்யல, சரின்னாக. மறுவருசமும் பெய்யல. அதுக்கும் மறுவருசம், வானத்தைப் பாக்குறதையே விட்டுட்டாக. கண்மாய் வெடிச்சுப் போச்சு. பள்ளத்துல மட்டும் முழங்கால் அளவு தண்ணி. அந்தத் தண்ணியில விராலு ஒண்ணு மேல ஒண்ணு நெளியுதாம். ஊரு கெழங்கு தோண்டித் திங்கிது. ராக்குவும் அதே கெழங்கைத்தான் தின்னா. பள்ளத்துல நெளியிறதுல ஒத்தை மீனை அவ தொட்டதில்லையாம்.

அந்தச் சமயத்துல ராக்குவோட தங்கச்சி இருளாயி, உச்சி வெயில்ல கரையேறி வந்தா. வந்தவ உக்காரக்கூட இல்ல.

"அக்கா, செவத்தி பெத்துட்டா. ஆம்பளப் பிள்ளை."

செவத்தி, இருளாயியோட ஒத்தை மக. ராக்கு தூக்கி வளத்தவ.

"நல்லா இருக்காளாடி?"

"எங்கிட்டு நல்லா இருக்க? மாருல சொட்டுப் பால் இல்ல. பிள்ளை சப்பிச் சப்பிப் பாத்துட்டு வீறிடுது. ஒரு விராலு குடுக்கா. வேக வச்சு அந்தத் தண்ணியக் குடுத்தாப் பால் ஊறும்."

ராக்கு பள்ளத்தைப் பாத்தா. தங்கச்சியப் பாத்தா. 

"இருளாயி, உனக்கு ஒண்ணு குடுத்தா நாளைக்கு வாசல்ல ஊரே நிக்குமேடி. எல்லார் வீட்டுலயும் தான் பசி. யாருக்கு இல்லைங்கிறது?"

"ஊரா வந்து நிக்குது? நான்ல வந்து நிக்கிறேன்."

"மழை வரட்டும்டி."

"மழை வர்ற வரைக்கும் பிள்ளை பொறுக்குமாக்கா?"

இருளாயி முந்தியை உதறிச் செருகிக்கிட்டு எறங்கிப் போயிட்டா. திரும்பிப் பாக்கலையாம்.

பிள்ளை பொறுக்கல. அந்த வாரமே போயிருச்சு.

பொதைச்ச ஈரம் காயறதுக்குள்ள இருளாயி, ஊருக்குத் தலைவரான அம்பலகாரர் வாசல்ல போய் நின்னா. அழுகலையாம். நின்ன நெலையில கேட்டாளாம், "என் பேரனுக்கு இல்லாத மீனு, இனி எந்த ராசாவுக்கு நீந்துது?"

அம்பலகாரரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அவரு வீட்டுலயும் பிள்ளைக பசியில மொனகிக்கிட்டுத்தான் கெடந்துச்சுக. "எறங்குங்கப்பா"ன்னுட்டாரு.

ஊரே எறங்குச்சு. வலை வேணுமா, மீனைக் கவுத்துப் பிடிக்கிற ஊத்தாக் கூடை வேணுமா? கையாலயே அள்ளுனாக. ராக்கு பள்ளத்துக்கு நடுவுல நின்னு, "ஆத்தா, வேணாம்த்தா. அய்யா, வேணாமய்யா. ஒரு சோடி விடுங்க, ஒத்தைச் சோடி விடுங்க"ன்னு ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சா. அவளை யாரும் அடிக்கல, வையல. மரத்தைச் சுத்திப் போற மாதிரி அவளைச் சுத்திப் போனாக. தண்ணி சேறாச்சு. சேத்தையும் கிளறுனாக. சேத்துக்குள்ள பொதைஞ்சு கெடந்ததையும் எடுத்துட்டாக.

அம்பலகாரரு ஒரு விராலைக் கொண்டாந்து ராக்கு கையில வச்சாரு. "இது உன் பங்கு."

அந்த மீனைத் தூக்கிக்கிட்டு ராக்கு தங்கச்சி வீட்டுக்கு ஓடுனா. "செவத்திக்குக் குடுடி, அவளாவது தேறட்டும்"னு வாசல்ல நின்னு கத்துனா. உள்ள ஆள் இருக்கு. கதவு தொறக்கல. கையிலயே மீனு துடிச்சு அடங்கிருச்சாம்.

மறுவருசம் பெஞ்சது பாருங்க மழை! மிஞ்சுன தண்ணி கலுங்கு வழிஞ்சு ஓடுச்சு. கண்மாய் கடல் மாதிரிக் கெடக்கு. கொக்கும் நாரையும் கூட்டங்கூட்டமா வந்து எறங்குச்சு. காத்திருந்துச்சு. ஒரு துள்ளல் இல்ல, ஒரு குமிழி இல்ல. வந்த பறவையெல்லாம் எந்திரிச்சுப் போயிருச்சு. வலை போட்டவுகளுக்குப் பாசிதான் வந்துச்சு. தண்ணி இருக்கு, மீனு இல்ல. ஊருல ஒருத்தரை ஒருத்தர் ஏறிட்டுப் பாக்கலையாம்.

ராக்கு ஒரு பானையை எடுத்தா. ஆத்து மடுவுக்கு நடந்தா. விடிஞ்சு கெளம்புனா பொழுது சாயத்தான் போய்ச் சேரணும், அம்புட்டுத் தூரம். அங்க வலைக்காரங்ககிட்டக் கெஞ்சி உசுரு மீனு வாங்கி, பானையில விட்டுத் தூக்கியாந்தா. வழி வெயிலுக்குக் கெண்டையெல்லாம் வயித்தைக் காட்டி மெதந்துருச்சு. திரும்பப் போனா. திரும்பவும் மெதந்துச்சு. ஒண்ணு ரெண்டு விராலு தப்புச்சு. அதைப் பள்ளத்துல விட்டா. அது பொழைச்சுச்சா, பாம்பு தின்னுச்சா, யாரு கண்டா?

ஒருநா கரைமேல பானையோட வந்தவளைச் செவத்தி மறிச்சாளாம்.

"பெரியம்மா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ஒரு மீனு குடுத்திருந்தா என் பிள்ளை பொழைச்சிருக்குமா?"

"தெரியலையேத்தா."

"குடுத்திருந்தா கண்மாய் மீனு மிஞ்சியிருக்குமா?"

ராக்கு பானையை எறக்கி வச்சா. "அதுவும் தெரியலையே. ரெண்டையும் காக்கலாம்னு நெனைக்கல. ஒண்ணையாவது காக்கலாம்னு நெனைச்சேன். ரெண்டும் போச்சு."

செவத்தி பானையை ஒரு பக்கம் பிடிச்சுத் தூக்கிவிட்டா. அம்புட்டுத்தான். அதுக்கு மேல ரெண்டு பேரும் பேசிக்கிட்டதா யாரும் சொல்லல.

ராக்கு நடந்து நடந்தே ஓஞ்சு போனா. ஒரு ஆடியில, ஆத்துக்குப் போற தடத்துல, புளிய மரத்தடியில கெடந்தாளாம். பானை ஒடையல. தண்ணிதான் சாஞ்சு போயிருந்துச்சு. இருளாயி எழவுக்கு வந்தா. முகம் பாக்காமயே திரும்பிட்டா.

ராக்கு போயி ரொம்ப வருசத்துக்குப் பெறகுதான் கண்மாயில மறுபடி மீனு தெரிஞ்சுச்சு. அவ விட்டது பெருகுச்சுங்கிறாக சில பேரு. அதுக்கும் மேக்க இருந்த இன்னொரு கண்மாய் ஒடைஞ்சு வெள்ளத்தோட வந்துச்சுங்கிறாக சில பேரு. அவ பாடுபட்டதுக்குப் பலன் உண்டா இல்லையான்னு இன்னைக்கும் சொல்ல ஆள் இல்ல.

மொதத் தடவையா ஊரு மீன் பிடிக்கக் கூடுன அன்னைக்கு, நரைச்ச தலையோட செவத்தி வந்து பள்ளத்துக்குள்ள நின்னாளாம். செத்த பிள்ளைக்கு அப்பறம் அவளுக்கு வேற பிள்ளையே பெறக்கல. "இதுல யாரும் எறங்கக் கூடாது. நான் ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிறேன்"னா. ஒரு விராலைப் பிடிச்சா. அந்த வருசம் பிள்ளை பெத்துப் பால் குடுத்துக்கிட்டிருந்த ஒருத்தி வீட்டுக்குக் கொண்டு போனா. வாசல்ல நின்னு, "ராக்கு குடுத்துவிட்டா"ன்னாளாம்.

அதுலருந்து அது ராக்கு பள்ளம். இன்னைக்கும் கோரவயல்ல மீன் பிடிக்கிற அன்னைக்கு, சனம் பூராவும் ஊத்தாவோட கரையில காத்து நிக்கும். பள்ளத்துல பிடிச்ச ஒத்தை விராலு மொதல்ல பிள்ளை பெத்தவ வீட்டுக்குப் போகும். கொண்டு போறவுக அதே சொல்லைத்தான் சொல்லணும், "ராக்கு குடுத்துவிட்டா." வாங்குறவ பதில் பேசக் கூடாது, வாங்கிக்கிட்டுக் கதவைத் தொறந்தே வைக்கணும். செத்தவளுக்கு அது கேக்கப் போறதில்ல, செத்த பிள்ளைக்குப் பசியாறப் போறதில்ல. ஆனாலும் அந்தக் கதவு தொறந்திருக்குன்னு ஆள் வந்து சொன்ன பெறகுதான் அம்பலகாரரு வெள்ளைத் துண்டை வீசுவாரு, ஊரு கண்மாயில எறங்கும்.