நூர்த்த லைட்டில் கரண்ட்

"சுவிட்சை நிப்பாட்டி நூர்த்த லைட் எப்பிடியப்பா கரண்ட் அடிக்கும்?" என்று எனக்கு முன்னால் நின்றவர் தன் மனைவியிடம் கேட்டார். உடுப்பிட்டிப் பக்கத்து ஆசுபத்திரி ஒன்றில் காயத்துக்கு மருந்து கட்டும் வரிசை அது. முன்விறாந்தை லைட்டுக்குப் பல்பு மாற்றப் போனவருடைய வலக்கை விரல்களில் துணி சுற்றியிருந்தது.

"வயர் இழுத்து அந்தச் சுவிட்சைப் பூட்டினது ஆர்?"

"நான்தான். லைட் ஒழுங்காப் பத்தி நூந்ததுதானே?"

"லைட் நூந்தால் கரண்டும் நிண்டிட்டுதெண்டு நினைச்சியள். கரண்ட் வாற வயரை நேரை லைட்டுக்குக் குடுத்துப்போட்டு, திரும்பிப் போற வயரிலை சுவிட்சைப் பூட்டியிருக்கிறியள். சுவிட்சை நிப்பாட்டினாலும் லைட்டிலை கரண்ட் நிக்கும். முன்வீட்டு வயறிங்காரத் தம்பி வந்து பாத்திட்டுத் தலையிலை கை வைச்சவர்."

"அது ஒரு சின்னப் பிழை."

"சின்னப் பிழையோ? ஏறி நிண்ட கதிரையாலை விழுந்து கிடந்தியள். நான் மூண்டு தரம் கூப்பிட்டன். நீங்கள் வாய் திறக்கேல்லை."

அந்த அம்மா அவருடைய சேட்டுக் கொலரை இழுத்துச் சரிசெய்துவிட்டார். வரிசை இரண்டு அடி நகர்ந்தது.

"பின்னேரம் போய் நானே அந்த வயரை மாத்திவிடுறன்."

"நீங்கள் ஒண்டிலையும் கை வைக்க வேண்டாம். மெயின் சுவிட்சை நிப்பாட்டிப்போட்டுத்தான் வந்தனான். நாளைக்கு அந்தத் தம்பி வந்து எல்லாத்தையும் திருத்துமட்டும் வீடு இருட்டாவே கிடக்கட்டும்."

"ஐயோ, பிரிட்ஜுக்கை மீன் கிடக்கெல்லே?"

"பழுதாப் போகட்டும். மீன் திரும்ப வாங்கலாம்."