எண்பத்தாறில் ஒரு பங்கு

மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது கணினியை அணைத்துவிட்டுப் போவது நல்ல பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஓர் அலுவலகத்தில் எண்பத்தாறு பேர் சாப்பிடப் போனால், எண்பத்தாறு கணினிகள் ஒரு மணி நேரம் சும்மா கிடக்கின்றன. எதுவும் வீணாவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எங்கேயாவது குழாய் சொட்டினால்கூட எழுந்து போய் மூடிவிட்டு வந்துதான் உட்காருவேன்.

என் கைக்கட்டுகளைப் பார்க்கிறீர்கள். அதற்கும் வருகிறேன், ஐயா. எதையும் வரிசையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

எங்கள் நிறுவனம் பெரிய அடுப்புகள் செய்கிறது. ரொட்டித் தொழிற்சாலைகளுக்கும், வண்ணம் பூசிய இரும்புக் கதவுகளை வாட்டும் பட்டறைகளுக்கும் போகிற அறை அடுப்புகள். ஓர் ஆள் குனியாமல் உள்ளே நடந்து போகலாம். எங்கள் நிறுவனம் என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறேன். அது என் மனைவியின் அண்ணனுடையது. நான் வீட்டோடு மாப்பிள்ளை. யாராவது விருந்தாளி வந்தால் மச்சான் என்னைக் காட்டி, "விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்லுவாங்க, எங்க மாப்பிளைக்கு இருபத்திரண்டு வருஷம்" என்பார். விருந்தாளி சிரிப்பார். என் மனைவியும் சிரிப்பாள். நானும் சிரித்துவிட்டுத் தண்ணீர் எடுத்து வைப்பேன். கல்யாணமான முதல் வருடம் என்னை அவர் நீங்க, வாங்க என்றுதான் பேசினார். பிறகு அது எப்போது நின்றது என்று எனக்கே நினைவில்லை.

அடுப்பு செய்வதில் கஷ்டமான பகுதி இரும்பு வேலை அல்ல, கணக்கு. உள்ளே சூடான காற்று எந்த மூலையில் சுழலும், எங்கே தேங்கும், எந்த வெல்டு முதலில் விரியும் என்று முன்கூட்டியே கணக்கிட வேண்டும். ஒரு கணினியில் போட்டால் ஓர் அடுப்புக்கு மூன்று நாள் ஆகும். நான்கு வருடத்துக்கு முன் நான்தான் மச்சானிடம் போய் கிரிட் கம்ப்யூட்டிங் என்று ஒன்று இருக்கிறது என்றேன். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். இருக்கிற கணினிகளைக் கோத்து, பெரிய கணக்கைச் சின்னத் துண்டுகளாக உடைத்து, சும்மா இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டால் போதும்.

"சும்மா இருக்கற மெஷின வெச்சு, சும்மா இருக்கற ஆளு செய்யப் போறாராக்கும்" என்றார். செய்து பார் என்றும் சொன்னார்.

சுலபமாக நடக்கவில்லை. தட்டச்சு செய்யும் அம்மா, தான் இல்லாதபோது கணினியின் விசிறி சுற்றுகிறது, பேய் பிடித்திருக்கிறது என்று அதன் மேல் துண்டைப் போர்த்திவிட்டுப் போனார். விற்பனை மேலாளர், "நான் சாப்பிடுற நேரத்துல என் மெஷின் எவனுக்கோ உழைக்குதாமே" என்று சண்டைக்கு வந்தார். மேசை மேசையாகப் போய் விளக்கினேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது பொய்யில்லை. ஆறு மாதத்தில் எண்பத்தாறும் சேர்ந்தன. மூன்று நாள் கணக்கு ஐம்பது நிமிடத்தில் முடிந்தது.

இதில் மூன்று விஷயங்களை நீங்கள் புரிந்துகொண்டால் மற்றது எளிது. துண்டைச் செய்யும் கணினிக்கு முழுக் கணக்கு என்னவென்று தெரியாது, தெரியவும் வேண்டாம். என் அறையில் இருக்கும் ஒருங்கிணைப்புக் கணினி எதையும் கணக்கிடாது; பிரித்துக் கொடுக்கும், வாங்கி அடுக்கும், அவ்வளவுதான். ஏதாவது ஒரு கணினி வேலையைச் செய்யாமல் விட்டு, வேறு ஆளும் இல்லையென்றால், அந்தத் துண்டை மட்டும் ஒருங்கிணைப்புக் கணினியே செய்து முடிக்க வேண்டும்.

தொழிலதிபர்கள் கூட்டம் ஒன்றில் மச்சான் மைக்கைப் பிடித்து, "ஊர் கூடித் தேர் இழுத்த மாதிரி எங்க ஆபீஸே கூடிக் கணக்குப் போடுது. என் மூளையில உதிச்சது" என்றார். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். கைதட்டினேன். பக்கத்தில் இருந்தவர் இதற்கு எதிர்காலம் இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். நிறைய இருக்கிறது என்றேன். இனிமேல் எந்தப் பெரிய வேலையையும் ஒரே ஆள் தலையில் சுமக்க வேண்டியிருக்காது என்றேன். இன்றும் அதைத்தான் சொல்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் மச்சான் சொன்னார்: "வெள்ளிக்கிழமையோட அந்த கிரிட்ட மூடிடு மாப்பிள. வெளியில ஒருத்தன் மணிக்கணக்குல வாடகைக்குத் தர்றான், அவன்கிட்ட கையெழுத்துப் போடுறேன். நீ திங்கள்லேர்ந்து கேட்டுல நின்னு வண்டி வர்றத போறத பாத்துக்க. காத்தாட இருக்கும்."

நான் மனைவியைப் பார்த்தேன். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே. எழுந்து கை கழுவினேன். கோபம் வந்ததா என்று நேற்று உங்கள் உதவியாளர் கேட்டார். வரவில்லை. வலித்தது. ரொம்ப வலித்தது. இருபத்திரண்டு வருடத்தில் என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் கிரிட்டுக்கு ஒரு புதிய கணக்குக் கொடுத்தேன். இருநூறு டிகிரிக்கு ஏறும் ஓர் அறை. நடுவில் ஒரு பொருள். உயரம் ஐந்தடி ஏழு அங்குலம், எடை தொண்ணூற்றிரண்டு கிலோ, பெரும்பகுதி தண்ணீர். தோல் எப்போது விடும், மூச்சுக்குழாய் எப்போது வேகும், எப்போது எல்லாம் அடங்கும் என்பது கேள்வி. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டச்சு அம்மாவின் கணினிக்கு இடது கை போனது. என் மனைவி கணக்குப் பிரிவில் இருக்கிறாள், அவளுடையதற்குக் கழுத்து. மச்சானுடைய கணினிக்கு முதுகு விழுந்தது. நான் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை, அது தானாகப் பிரிப்பது. நாற்பத்தெட்டு நிமிடத்தில் விடை வந்தது. பதினோரு நிமிடம்.

மீதி வேலையையும் அதே முறையில்தான் பிரித்தேன். பட்டறையில் சோதனை அடுப்பு ஒன்று இருக்கிறது. நேரம் வைத்தால் கதவு மோட்டாரில் தானாக மூடி, எரிப்பான் பற்றிக்கொள்ளும். மூடும் முன் சங்கு ஊதும். சங்குச் சத்தம் பக்கத்துக் கட்டடத்துக்குத் தொல்லையாம், ஒரு நாள் கழற்றி வையுங்கள் என்று எலக்ட்ரீஷியனிடம் சொன்னேன், கழற்றினார். காலி அடுப்பைச் சோதிக்க வேண்டும், வியாழன் மதியம் ஒன்று இருபதுக்கு நேரம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள் என்று ஆபரேட்டரிடம் சொன்னேன்; வைத்தார். பட்டறை ஆட்கள் எல்லோருக்கும் அதே நேரத்தில் மாடியில் பாதுகாப்பு வகுப்பு வைக்கும்படி மனிதவள அதிகாரியைக் கேட்டேன். ரொம்ப நல்ல யோசனை என்று பாராட்டினார். உள்ளே மாட்டிக்கொண்டவர் தள்ளித் திறக்க, கதவின் உட்பக்கம் ஒரு கம்பி உண்டு. துருப்பிடித்திருக்கிறது, புதன்கிழமை கழற்றி முலாம் பூச அனுப்புங்கள் என்று ஃபிட்டருக்கு ஒரு சீட்டு அனுப்பினேன்.

கடைசித் துண்டு என் மனைவிக்கு. அடுப்பின் பின் சுவரில் விரிசல் விழுந்திருக்கிறது, கிரிட் சரியாகச் சொல்லிவிட்டது, உன் அண்ணன் ஒரு தடவை வந்து பார்த்தால் போதும் என்றேன். அவள் என் முன்னால்தான் போன் செய்தாள். "ஒரு எட்டு போய்ப் பாருங்கண்ணா, பாவம், மனுஷன் ரெண்டு நாளா சரியா சாப்பிடல" என்றாள். எனக்காக அவள் அவரிடம் பரிந்து பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

என்னை மட்டம் தட்டக் கிடைத்த வாய்ப்பை மச்சான் விட்டதே இல்லை. ஒன்று பதினேழுக்கு டார்ச்சோடு வந்தார். "எங்கய்யா உன் விரிசல்?" என்றார்.

"பின் சுவத்துல சாக்பீஸால வட்டம் போட்டிருக்கேன் மச்சான். நீங்க பாத்துட்டிருங்க, பேப்பர எடுத்துட்டு வர்றேன்."

உள்ளே போனார். சரியான நேரத்துக்குக் கதவு மூடிக்கொண்டது. எரிப்பான் பற்றும் சத்தம் கேட்டது. நான் சரிபார்க்க மட்டுமே நின்றேன். ஒருங்கிணைப்பவன் முடிவு வரும்வரை நகரக் கூடாது.

முதலில் கத்தினார். பிறகு கதவை அறைந்தார். இரண்டாவது நிமிடத்தில் கதவு அசைந்தது. உட்பக்கக் கம்பி கழற்றப்படவில்லை. ஃபிட்டருக்குப் பல் வலியாம், புதன், வியாழன் இரண்டு நாளும் லீவு. என் சீட்டு அவர் மேசையிலேயே கிடந்திருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

கதவு நான்கு விரல் அகலம் திறந்தது. உள்ளிருந்து வந்த காற்றில் என் புருவம் கருகியது. சுற்றிலும் பார்த்தேன், யாரும் இல்லை. உள்ளங்கைகளை வைத்துத் தள்ளினேன், பிறகு தோளைக் கொடுத்தேன். இடுக்கில் அவர் விரல்கள் வெளியே வந்தன. நான் தள்ளியதில் கொட்டைப்பாக்கை வெட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அப்படியும் அவர் கையை எடுக்கவில்லை. கதவை அழுத்துவது மோட்டார் என்றும், நான் வெளியிலிருந்து திறக்கப் போராடுகிறேன் என்றும் நினைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, விட்டுடாதீங்க" என்றார். "உங்களத்தான் நம்பியிருக்கேன். இழுங்க."

"இழுத்துட்டுதான் இருக்கேன் மச்சான்" என்றேன். கடைசி நேரத்தில் ஒரு மனிதரின் மனதை நோகடிப்பானேன்.

ஐந்தாவது நிமிடத்தில் விரல்கள் தாமாகவே உள்ளே போய்விட்டன. இரண்டு மட்டும் கதவோரத்தில் ஒட்டிக்கொண்டன. அவற்றை நீங்கள் எடுத்து வைத்திருப்பீர்கள். ஆறில் பேச்சு நின்று வேறு மாதிரிச் சத்தம் வந்தது. என் கைத்தோல் இரும்போடு உரிந்தது, ஆனாலும் வைத்த இடத்திலிருந்து எடுக்கவில்லை. கடைசிச் சத்தம் அடங்கியபோது கடிகாரத்தைப் பார்த்தேன். மூடியதிலிருந்து பதினோரு நிமிடம், சில வினாடிகள். அந்தக் கணக்கு அவ்வளவு துல்லியம். அதையும் வெள்ளிக்கிழமையோடு மூடச் சொன்னார்.

ஆகவே, ஐயா, உங்கள் தாளில் என் பெயர் மட்டும் இருப்பது நியாயமில்லை. எலக்ட்ரீஷியன், ஆபரேட்டர், மனிதவள அதிகாரி, என் மனைவி, கணக்குப் போட்ட எண்பத்தாறு மேசைக்காரர்கள், எல்லோரையும் சேர்த்து எழுதுங்கள். எழுதி முடித்ததும் என் மனைவியிடம் ஒரு முறை படித்துக் காட்டுங்கள். அவளுக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை, அழுதுகொண்டே இருக்கிறாளாம். நான் பிரித்துக் கொடுத்தவன், அவ்வளவுதான். என் கையால் செய்தது ஒரே ஒரு துண்டு, அந்தக் கதவை ஒன்பது நிமிடம் பிடித்துக்கொண்டது. நியாயப்படி பார்த்தால் அதுவும் என் வேலை இல்லை, லீவு போட்ட ஃபிட்டருடையது.