இருநூறு பேரும் அஞ்சே போட்டாங்க

…இருநூறு பேரு, அக்கா! முழுசா இருநூறு பேரு! அதுல ஒருத்தருக்குக்கூடவா உங்க கேன்டீன் சாம்பார்ல உப்பு பத்தாம போயிருக்காது? இல்ல, நீங்களே சொல்லுங்க. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, சூப்பர்வைசர் மூஞ்சியப் பாத்து ‘சீ, இன்னா பொழப்பு இது’ன்னு யாருக்கும் தோணியிருக்காதா? தோணவே இல்லியாம்! அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள்ள இப்பிடி ஒரு சொர்க்கம் கீதுன்னு தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு எம்.பி.ஏ. சேரப் போறேன்? நேரா உங்க கேட்டாண்ட வந்து வேலைக்கு நின்னிருப்பேன்!

கொஞ்சம் நகந்து உக்காருங்கக்கா, பைய மடியில வெச்சுக்கறேன்… ஆங், போதும். தப்பா நெனச்சுக்காதீங்க. பஸ்ல ஏறினதும் உங்க நீலக் கோட்டப் பாத்தேன், கழுத்துல கம்பெனி அட்டையப் பாத்தேன். அப்பவே முடிவு பண்ணிட்டேன், இன்னிக்கி இந்த அக்காவ விடறதில்லன்னு. கம்பெனி பஸ்ஸ விட்டுட்டீங்களா இன்னிக்கி? பூந்தமல்லி தானே நீங்க? குமணன்சாவடியா? அது போதும். வானகரம் தாண்டறதுக்குள்ள எப்பிடியும் அரை மணி ஆவும். பேசிகினே போலாம்.

என்னத் தெரியலையா? போன மாசம் சாப்பாட்டு டைம்ல உங்க கேன்டீனுக்கு வந்து பேசினேனே… கை கழுவற எடத்துக்குப் பக்கத்துல, பெஞ்சு மேல ஏறி… மஞ்சள் சுடிதார்… ஆங்! அதே பொண்ணுதான். அருள்மொழி. கள்ளிக்குப்பம். ‘தொழிலாளர்களின் வேலைத் திருப்தி’ன்னு புராஜெக்ட். முப்பது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு கட்டம். ஒண்ணு போட்டா ‘கொஞ்சம்கூட ஒத்துக்கல’, அஞ்சு போட்டா ‘முழுசா ஒத்துக்கறேன்’. நடுவுல ரெண்டு, மூணு, நாலுன்னு மூணு கட்டம் கீதே, அது இன்னாத்துக்குக்கா? கோலம் போடவா? இருநூறு தாளு, முப்பது கேள்வி, ஆறாயிரம் டிக். ஆறாயிரமும் அஞ்சு! ஒரே ஒரு புண்ணியவான் ஒரு எடத்துல நாலு போட்டிருந்தாரு. அட, ஒரு மனுசனாவது கீறாரேன்னு கிட்ட வெச்சுப் பாத்தா, அந்த நாலையும் அடிச்சி, பக்கத்துல அஞ்சு போட்டு, அடிச்சதுக்குக் கையெழுத்து வேற போட்டு வெச்சிருக்காரு!

இதுல பதினேழாவது கேள்வி இன்னா தெரியுமா? அது நாங்க வேணும்னே வெக்கறது. படிக்காம சும்மா டிக் அடிக்கறாங்களான்னு கண்டுபுடிக்க. ‘இந்த வேலையை விட்டுப் போய்விடலாம் என்று அடிக்கடி தோன்றுகிறது.’ சம்பளம் திருப்தியா? அஞ்சு. மேலதிகாரி மரியாதையா பேசறாரா? அஞ்சு. வேலைய விட்டு ஓடிடலாம்னு தோணுதா? அதுக்கும் அஞ்சு! ஏங்க்கா ஓடணும்? சந்தோஷம் தாங்கலையா?

கம்ப்யூட்டர்ல போட்டேன். அது மூஞ்சத் திருப்பிக்கிச்சு. எங்க கணக்குக்கு இன்னா வேணும்னா, வித்தியாசம் வேணும். ஆளுக்கு ஆள் கொஞ்சமாவது மாறணும். சம்பளம் நல்லால்லன்னு சொல்றவங்கதான் வேலைய விடப் பாக்கறாங்களான்னு தெரியணும்னா, கொஞ்ச பேரு நல்லாருக்குன்னும் கொஞ்ச பேரு நல்லால்லன்னும் சொன்னாத்தானே பாக்க முடியும்? எல்லாரும் ஒரே ஒயரமா நின்னா நெட்டை யாரு, குட்டை யாருன்னு எப்பிடி வரிசை கட்டறது? அந்த வித்தியாசத்துக்கு ஒரு நம்பர் வரும். எனக்கு சைபர். அதுக்கு மேல கணக்கே கெடையாதுன்னு சொல்லிடுச்சு.

எங்க ஊட்ல மொத்தமே நாலு பேருக்கா. ஃபேன மூணுல வெக்கறதா நாலுல வெக்கறதான்னு அதுல அஞ்சு கருத்து வருது. எப்பிடின்னு கேளுங்க, எங்க தம்பி கிஷோர் ரெண்டு பக்கமும் பேசுவான். நாலு பேர்ல வர்ற வித்தியாசம் இருநூறு பேர்ல வராதா? எங்கனா நடக்குமா?

எங்க கைடு, சுப்பராயன் சாரு, தாள எல்லாம் பொரட்டிப் பாத்துட்டு மூக்குக் கண்ணாடியக் கழட்டினாரு. அவரு கண்ணாடியக் கழட்டினாலே கதை முடிஞ்சிதுன்னு அர்த்தம். ‘ஏம்மா அருள்மொழி, வீட்ல ஒக்காந்து நீயே டிக் அடிச்சியா?’ எனக்கு எப்பிடி இருக்கும்! மூணு நாளு உங்க கேட்டாண்ட வெயில்ல நின்னவக்கா நானு. ஷிப்ட் விட்டதும் கம்பெனி பஸ்ஸப் புடிக்க நீங்கல்லாம் ஓடற ஓட்டத்துல, மூணு நாளுல பதினோரு பேருதான் தாள வாங்கினாங்க. அதுல நாலு பேரு அத மாங்கா மடிக்க எடுத்துகினாங்க, என் கண்ணு முன்னாடியே, மொளகாத் தூளு போட்டு! அதுக்கப்புறம்தான் வேற வழி பண்ணி, ஒரே சாப்பாட்டு டைம்ல இருநூறும் வாங்கினேன். குடுத்த தாளு இருநூறு, வந்த தாளு இருநூறு. எங்க காலேஜ்ல எவனும் பண்ணல!

ஆனா பவித்ராவப் பாருங்க. எங்க கிளாஸ் பொண்ணு. சூப்பர் மார்க்கெட் கஸ்டமர் திருப்தின்னு தலைப்பு. மார்க்கெட் பக்கமே போவல. ஒரு ஞாயித்துக்கெழம, ஹாஸ்டல் ரூம்ல, மூணு பிரெண்டு, ரெண்டு பாக்கெட் சிப்ஸு. இருநூறும் முடிஞ்சிது. இங்க ஒரு மூணு, அங்க ஒரு ரெண்டு, நடுவுல எல்லாத்துக்கும் ஒண்ணு ஒண்ணா போட்டுத் தள்ளற கோவக்கார கஸ்டமர் ஒருத்தரு… அவருக்கு பேருகூட வெச்சிருக்காளுங்க, ராஜசேகரன் மாமான்னு. சாரு அதப் பாத்துட்டு, ‘இதாம்மா உண்மையான ஃபீல்டு வொர்க்’ன்றாரு! பொய்யா எழுதின டேட்டா துள்ளிக் குதிக்குது, வெயில்ல அலைஞ்சி வாங்கின டேட்டா பொணமா படுத்துகினு கீது. இன்னா நியாயம்க்கா இது?

இன்னிக்கி நாலு மணிக்கு அவரப் பாக்கணும். இந்த டேட்டா நெஜமா வாங்கினதுன்னு ஆதாரம் காட்டணும். காட்டலன்னா புராஜெக்ட் ரத்து, ஆறு மாசம் தள்ளிப் போச்சு. ஆறு மாசம் தள்ளினா கெடச்ச வேலையும் போச்சு. ஜூலையில சேரச் சொல்லியிருக்காங்க, சர்ட்டிபிகேட் இல்லாம உள்ளயே விட மாட்டாங்க. யாரால? உங்க இருநூறு பேரால!

இன்னா சிரிக்கறீங்க? …இன்னா சொன்னீங்க? சாம்பார்ல பருப்பு தெரிஞ்சா அன்னிக்கி ஆடிட்டுன்னு அர்த்தமா? அய்யோ! …எட்டு மணி நேரமும் நின்னுகினேவா? …ஒரு ஸ்டூல் கேட்டதுக்கா சூப்பர்வைசரு அப்பிடிப் பேசினாரு? இருங்க, இருங்க. இவ்ளோ கீது மனசுல. அப்போ அன்னிக்கி நீங்க எவ்ளோ போட்டீங்க?

…அஞ்சா! அக்கா!

அடுக்குமா இது? சரி. நல்லதாப் போச்சு. பையில வெறும் தாளு வெச்சிருக்கேன். இந்தாங்க, பேனா. இப்ப போடுங்க, மனசாட்சியோட. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். வேலப்பஞ்சாவடி வந்திருச்சு, சீக்கிரம்…

முடிச்சிட்டீங்களா? அதுக்குள்ளயா? …அஞ்சு. அஞ்சு. அஞ்சு. அக்கா, நீங்க இன்னா மனுசங்கக்கா! இப்பத்தானே அந்தாள அந்த வாங்கு வாங்கினீங்க!

இன்னா? இன்னாத்த தொட்டுக் காட்டறீங்க? மேலயா? ‘பெயர்.’ ஆமா, பெயர். ‘டோக்கன் எண்.’ ஆமா. ‘பிரிவு.’ ‘கைப்பேசி எண்.’ இருக்கணும்லக்கா! குலுக்கல் வெச்சேனே, எவர்சில்வர் டிபன் கேரியர், அஞ்சு அடுக்கு. பேரு இல்லாம எப்பிடிப் பரிசு குடுக்கறது? இதோ அதுக்கு மேலயே கொட்ட எழுத்துல போட்டிருக்கேன் பாருங்க, ‘தங்கள் பதில்கள் ரகசியமாக வைக்கப்படும்.’ ரகசியமாக… வைக்கப்படும்… அதுக்குக் கீழ… பெயர்.

ம்.

யாரு வாங்கி வெச்சாங்களா? உங்க எச்.ஆர். ஜானகிராமன் சாருதான். தங்கமான மனுசரு, கேட்டதும் ஒத்துகினாரு. கதவாண்ட நின்னு ஒவ்வொரு தாளா வாங்கி, பேரு போட்டிருக்கா, டோக்கன் நம்பர் போட்டிருக்கான்னு படிச்சிப் படிச்சிப் பாத்துதான்… நான்தான் சொன்னேன்… ‘சார், பேரு விட்டுப் போச்சுன்னா பரிசு குடுக்க முடியாது, நல்லாப் பாத்து வாங்குங்க’ன்னு… நான்தான்…

அக்கா, கொஞ்ச நேரம் பேசாம இருங்க. நான் யோசிக்கணும்.

…இருந்தாலும் ஒண்ணு சொல்றேன். உங்க எடத்துல நான் இருந்தா தைரியமா ஒண்ணு போட்டிருப்பேன். நான் யாருக்கும் பயப்படற ஆளு கெடையாது. எங்க காலேஜ்லயும்தான் ‘ஆசிரியர் பற்றிய கருத்து’ன்னு ஒரு படிவம் குடுத்தாங்க, ரோல் நம்பரோட. சுப்பராயன் சாரு அந்த செமஸ்டர்ல ஒன்றரை மாசம் கிளாஸுக்கே வரல. நான் எதையும் மறைக்காம அவருக்கு…

அஞ்சுதான் போட்டேன். எல்லாத்துக்கும் அஞ்சு. ‘மிகச் சிறந்த வழிகாட்டி’ன்னு கீழ எழுதிக்கூட வெச்சேன்.

சிரிங்க. நல்லா சிரிங்க. பஸ்ஸே திரும்பிப் பாக்குது.

இன்னா பண்றீங்க… கிழிக்கறீங்களா? ஓ, மேல மட்டுமா. பேரு எழுதற எடத்த மட்டும். சரி, அந்தத் துண்ட நீங்களே வெச்சுக்கோங்க. பொறுமையாப் போடுங்க, சிக்னல்ல நிக்குது… அந்த அஞ்ச எல்லாம் அடிச்சிட்டு… ஒண்ணு… ரெண்டு… ஒண்ணு… அழுத்தாதீங்கக்கா, தாளு ஓட்டையாவுது! நாலா? நாலு எதுக்கு? ஓ, கூட வேல செய்யறவங்களப் பத்தி. ம்ம். மறுபடி ஒண்ணு… பதினேழு. ஆங், இதுக்கு அஞ்சு போட்டே ஆவணும் நீங்க, இவ்ளோ திட்டறவங்க… ஒண்ணா? விட்டுப் போற எண்ணமே இல்லியா? …பொண்ணு பன்னெண்டாவதா. கம்பெனி பஸ்ஸு வாசலுக்கே வருதா.

கூட வேல செய்யறவங்களத் தவிர எதுலயும் திருப்தி இல்ல, ஆனா விடவும் மாட்டீங்க. அக்கா, இது எங்க பொஸ்தகத்துலயே இல்லக்கா! திருப்தி கொறஞ்சா ஓடிடுவாங்கன்னுதான் அதுல போட்டிருக்கு, அம்புக்குறியெல்லாம் போட்டு! இதத்தான் நான் எழுதணும். இந்த ஒரு தாளு இருநூறு தாளுக்கு சமம். நேரா கொண்டு போயி சாரு மேசையில வெச்சேன்னா… பின்னாடியும் எழுதறீங்களா? எழுதுங்க, எழுதுங்க, எடம் கீது… இன்னா அதுக்குள்ள மடிச்சிக் குடுக்கறீங்க? குமணன்சாவடியா? இருங்கக்கா, இன்னும் ரெண்டு விஷயம் கேக்கணும்… அக்கா! உங்க பேரு கூட… அக்கா!

போயிட்டாங்க.

இன்னா எழுதியிருக்காங்க… ஸ்டூல் கேட்டது, அதுக்கு அவரு பேசினது, எல்லாம் கீது. கடைசில… ‘ஸ்டூல் கேட்டது அந்த லைன்ல நான் ஒருத்திதான். படிச்சா தெரிஞ்சிடும். யாருக்கும் காட்டாதம்மா.’

…

ஹலோ… சார், வணக்கம் சார். அருள்மொழிதான் சார். பூந்தமல்லி கிட்ட வந்துட்டேன் சார்… ஆமா சார், ஆதாரம்… இல்ல சார். தப்பு என்னோடதுதான் சார். பேரு கேட்டேன், நம்பர் கேட்டேன், எச்.ஆர். கையில குடுக்கச் சொன்னேன். யாரு சார் உண்மைய எழுதுவாங்க? …வேற ஒருத்தரும் சொல்லல சார், நானே கண்டுபுடிச்சேன்… சரி, நானே இல்ல சார்… மொதல்லேர்ந்து பண்றேன் சார். கம்பெனிக்கு வெளிய, பேரு இல்லாம, பொட்டி வெச்சி வாங்கறேன். மூணு வாரம் குடுங்க சார்… முடியும் சார். நூத்தி தொண்ணூத்தொம்பது பேருதானே… இல்ல சார், கணக்குத் தப்பல. ஒண்ணு கைவசம் கீது சார்… நெஜமான பதில்தான் சார், சத்தியமா. பாத்தா நீங்களே அசந்துடுவீங்க…

இல்ல சார். அதக் காட்ட முடியாது.