பேர் சொல்லாத பொட்டலம்

காத்தூன் பீவி: ஆம்பளைக்கா, பொம்பளைக்கா? அத்த மொதல்ல சொல்லு. ரெண்டு பேருக்கும் ஒரே பொடின்னு எவன் சொன்னான் உனுக்கு?

ரஞ்சித்: பொம்பளைக்கித்தான் பாயம்மா. முடி கொட்டுது... ஹார்மோனு கோளாறுன்னாங்க. இங்கிலீசு மருந்து வேணாம், நாட்டு மருந்துல எதுனா பாத்துக் குடு.

காத்தூன் பீவி: நாட்டு மருந்துக் கடையில வந்து நின்னுகினு இங்கிலீசு மருந்து வேணாங்கிற. நானே கேட்டாலும் எங்கிட்ட கீதா அது? மூட்டை மேல சாயாத, நவுரு. சுக்கு உடைஞ்சிடும்.

ரஞ்சித்: ஆங், நவுந்துட்டேன். சீக்கிரம் மடிச்சுக் குடும்மா. மீன் புடிக்கிற போட்டு இஞ்சின் ரிப்பேருக்கு வந்தேன், ஆளு காத்துகினு கீது.

காத்தூன் பீவி: பேரு?

ரஞ்சித்: யாரு பேரு?

காத்தூன் பீவி: மருந்து சாப்புடறவங்க பேரு. எங்க வாப்பா காலத்துலேர்ந்து இந்தக் கடையில அப்புடித்தான். பிஸ்மில்லா சொல்லி, இன்னாருக்கு நல்லாவணும்னு பேரச் சொல்லி மடிப்பேன். இந்த ராயபுரத்துல யாரை வேணா கேளு. பேரில்லாம காத்தூன் பீவி பொட்டலம் மடிச்சதா ஒருத்தர் சொல்லட்டும்.

ரஞ்சித்: ...ரேகா.

காத்தூன் பீவி: யாரு உனுக்கு?

ரஞ்சித்: பொண்டாட்டி.

காத்தூன் பீவி: நல்லாருக்கட்டும். புள்ளைங்க?

ரஞ்சித்: இல்ல. பாத்துகினு கீறோம்.

காத்தூன் பீவி: மாசா மாசம் ஒயுங்கா தலைக்கு ஊத்திக்கிறாளா?

ரஞ்சித்: மாசத்துக்கு ஒருவாட்டியா? இன்னா பாயம்மா... வாரா வாரம் வெள்ளிக்கெழம தலைக்கு ஊத்திக்குவா. சீயக்கா போட்டு.

காத்தூன் பீவி: அய்ய! நான் எத்தக் கேக்குறேன், நீ எத்தச் சொல்ற. சீயக்காயக் கேக்கல நைனா... வூட்டுக்குத் தூரம். புரிதா?

ரஞ்சித்: ஓ... அத்தயா. அது... வருதுன்னுதான் நெனைக்கிறேன்.

காத்தூன் பீவி: நெனைக்கிறியா! சோக்கான புருசன்தான். சரி, முடி எங்க கொட்டுது?

ரஞ்சித்: தலையில.

காத்தூன் பீவி: வாயில நல்லா வருது எனுக்கு. தலையில எந்தப் பக்கம்?

ரஞ்சித்: முன்னாலம்மா. நெத்தி ரெண்டு ஓரமும் மேல ஏறிகினே போவுது. உச்சியில ஒரு வட்டம்... சீப்பு வெக்கவே பயப்படுது.

காத்தூன் பீவி: ரெண்டு ஓரமுமா? பொம்பளைக்கி வகுடுதான் அகலும். ரத்தம் கம்மியா இருந்தா தலை முச்சூடும் கொட்டும், முருங்கைக்கீரை, எள்ளு, பேரீச்சம்பழம்னு சொல்லி அனுப்புவேன். தைராய்டு, கழுத்துக் கோளாறுன்னா அதுக்கு வேற. புள்ள பெத்தவளுக்கு வேற. ஓரம் ஏறி, உச்சியில வட்டம் வியுறது ஆம்பள வயுக்கை.

ரஞ்சித்: பொம்பளைக்கி வரவே வராதா?

காத்தூன் பீவி: வரும். ஆம்பள ஹார்மோனு ஜாஸ்தியாச்சின்னா வரும். மீசை அரும்பும், மாசக்கணக்கு தள்ளிப்பூடும். அதான் கேட்டேன், நீ சீயக்காயத் தூக்கினு வந்த. வேற எதுனா மாத்திரை சாப்புடறாளா?

ரஞ்சித்: பேப்பர்ல விளம்பரம் பாத்து ஏதோ மூலிகைக் கேப்சூல் வாங்கித் தின்னுது. வயித்தால போனதுதான் மிச்சம். அப்பால... அந்தக் குடும்பக் கட்டுப்பாடு மாத்திரை.

காத்தூன் பீவி: இன்னா மாத்திரை?

ரஞ்சித்: குடும்பக் கட்டு...

காத்தூன் பீவி: புள்ளைக்கிப் பாத்துகினு கீறேன்ன இப்பத்தான்!

ரஞ்சித்: அது... அது வந்து பாயம்மா...

காத்தூன் பீவி: எங்கிட்டயே பீலா உடறியா? முடி உனுக்குத்தான கொட்டுது? வெக்கப்பட்டுகினு பொண்டாட்டி பேரச் சொல்ற. உன்ன மாதிரி எத்தினி பேரப் பாத்துட்டேன்.

ரஞ்சித்: ஆமா பாயம்மா. எனுக்குத்தான். கண்டுபுடிச்சிட்ட. குடு, போறேன்.

காத்தூன் பீவி: தொப்பியக் கழட்டு.

ரஞ்சித்: எதுக்கு?

காத்தூன் பீவி: பாக்காம எப்புடிக் குடுக்கிறது? கழட்டு... அடப்பாவி! இன்னா இது, காடாட்டம் கீது! இதுல ஒரு முடி புடுங்கணும்னாலும் ஆளு வெக்கணுமே!

ரஞ்சித்: எனுக்கு எங்கம்மா வாகு. அதான்.

காத்தூன் பீவி: அப்போ யாருக்கு? பொண்டாட்டிக்கும் இல்ல, உனுக்கும் இல்ல. புள்ள வேணாம்னு மாத்திரை போடறவ எவளோ ஒருத்தி. சின்ன வூடா?

ரஞ்சித்: பாயம்மா! வாய அளந்து பேசு.

காத்தூன் பீவி: கோவம் மட்டும் ஜோரா வருது. எந்த ஊரு நீ?

ரஞ்சித்: எண்ணூரு. முகத்துவாரக்குப்பம்.

காத்தூன் பீவி: அங்கேர்ந்து ராயபுரம் வர்ர வரைக்கும் ஒரு நாட்டு மருந்துக் கடை இல்லியா? திருவொத்தியூர்ல எத்தினி கீது!

ரஞ்சித்: அங்கெல்லாம் எங்க வூட்டத் தெரியும்.

காத்தூன் பீவி: அத்தத்தான் நானும் சொல்றேன், திருட்டுத்தனம். இத பாரு நைனா, வெந்தயமும் கருஞ்சீரகமும் வெளையாட்டுப் பண்டம் இல்ல. யாரு, எவருன்னு தெரியாத ஒடம்புக்குக் குடுத்து ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா, ராத்திரி எனுக்குத் தூக்கம் வராது. நீ வேற கடை பாரு.

ரஞ்சித்: பாயம்மா... அப்புடிச் சொல்லாத. உங்கிட்ட வாங்கினாத்தான் கேக்குதுன்னு சொல்லி அனுப்பிச்சாங்க.

காத்தூன் பீவி: கேக்கணும்னா நெசம் சொல்லணும்.

ரஞ்சித்: ...வாசல்ல யாருனா கீறாங்களா?

காத்தூன் பீவி: நாயி ஒண்ணு படுத்துகினு கீது. சொல்லு.

ரஞ்சித்: எனுக்கு ஒரு தம்பி இருந்தான்.

காத்தூன் பீவி: இருந்தானா? அல்லாவே... எறந்துட்டானா?

ரஞ்சித்: சேச்சே. நல்லாத்தான் கீது. வியாசர்பாடில கீது. ஆனா... தம்பியா இல்ல.

காத்தூன் பீவி: புரியல.

ரஞ்சித்: பொடவை கட்டிகினு கீது பாயம்மா.

காத்தூன் பீவி: ...ஆங்.

ரஞ்சித்: இன்னா ஆங்?

காத்தூன் பீவி: புரிஞ்சிட்ட ஆங். வேற ஒண்ணியும் இல்ல. மேல சொல்லு. அப்போ மாத்திரைய...

ரஞ்சித்: அவங்க ஆளுங்க யாரோ சொல்லி, மெடிக்கல்ல தானா வாங்கிப் போட்டுகினு கீறான்... போட்டுகினு கீது. ஒடம்பு பொம்பளையா மாறணும்னு.

காத்தூன் பீவி: அவனா, அதுவா?

ரஞ்சித்: எங்கம்மாவக்கூடத்தான் 'அது வந்துச்சு, அது போச்சு'ன்னு சொல்றோம். அது மாதிரி.

காத்தூன் பீவி: எங்கிட்ட டபாய்க்காத. அம்மாவச் சொல்ற அது வேற. நீ அதுக்குள்ள பூந்து ஒளிஞ்சிக்கிற.

ரஞ்சித்: ...வர்ல பாயம்மா. அவனும் வர்ல, அவளும் வர்ல. நாக்கு வரைக்கும் வந்து, பல்லாண்ட நின்னுடுது. நேர்ல பாத்தாலும் அப்புடித்தான். 'சாப்ட்டாச்சா, தூங்கியாச்சா'ன்னே பேசிட்டு வந்துடறேன். அதுக்கும் தெரியும். தெரிஞ்சிகினே சிரிக்கும்.

காத்தூன் பீவி: இப்போ முடிக்கி இன்னா அவசரம்?

ரஞ்சித்: எனுக்கு அம்மா வாகுன்னேன்ல... அதுக்கு எங்கப்பா வாகு. அந்தாளுக்கும் நெத்தி இப்புடித்தான் ஏறிச்சு. எங்கப்பா கையில அடி வாங்கினுதான் இது வூட்ட உட்டு ஓடிச்சு. அந்தாளும் செத்துட்டாரு. இப்போ கண்ணாடியப் பாத்தா அவரு மூஞ்சி தெரியுதாம். 'அண்ணா, அடிச்ச ஆளே என் தலைக்குள்ளேர்ந்து எட்டிப் பாக்குறாரு'ன்னு அழுவுது. நான் இன்னா பண்ணட்டும் சொல்லு?

காத்தூன் பீவி: அய்யோ பாவமே.

ரஞ்சித்: மாதவரத்துல ஒரு மண்டபத்துல சமையலுக்குப் போய்கினு இருந்துச்சு. நல்ல பேரு. இப்போ போறதில்ல. முக்காடு போட்டுகினு வூட்டுக்குள்ளயே கெடக்குது. பூ வாங்கினு போனேன். எங்க வெப்பேன்னு கேட்டுச்சு பாயம்மா. கையிலயே வெச்சிகினு கேட்டுச்சு...

காத்தூன் பீவி: அழுவாத நைனா. கண்ணத் தொட. இந்தா தண்ணி.

ரஞ்சித்: நான் எங்க அழுதேன்? மொளகாத் தூளு காத்துல...

காத்தூன் பீவி: எங்கிட்ட மொளகாத் தூளு கெடையாது. குடி. உங்கம்மாவுக்குத் தெரியுமா?

ரஞ்சித்: மூச்! தெரிஞ்சா ஒடிஞ்சி பூடும். அது ஓடினதுலேர்ந்து வூட்ல அந்தப் பேச்சே கெடையாது. போட்டோவெல்லாம் எறக்கிப் பொட்டியில போட்டுடுச்சு. நான் வியாசர்பாடி போறதுகூட, வலை வாங்கப் போறேன்னுதான் சொல்லிட்டுப் போறேன். போன மாசம் எங்க வலைன்னு கேட்டுச்சு பாரு... நல்ல வலையே கெடைக்கலன்னேன்.

காத்தூன் பீவி: கடல்ல தொழில் பண்றவனுக்கு வலை கெடைக்கலியாம். நம்பிச்சா?

ரஞ்சித்: ஒண்ணியும் சொல்லல. கொழம்ப ஊத்திட்டுப் போய்டுச்சு.

காத்தூன் பீவி: சரி, கேட்டுக்க. நான் டாக்டரு இல்ல. பூசணி வெதை, ஆளி வெதை, வெந்தயம், கரிசலாங்கண்ணி, நெல்லி வத்தல், கொஞ்சூண்டு கருஞ்சீரகம். வறுத்து இடிச்சது. காலைல ஒரு கரண்டி, மோருல. அவ்ளோதான். ஜாஸ்தி தின்னா வயித்தக் கலக்கும், சக்கரை எறங்கி மயக்கம் வந்துடும்.

ரஞ்சித்: முடி வந்துடுமில்ல?

காத்தூன் பீவி: வராது.

ரஞ்சித்: இன்னா பாயம்மா!

காத்தூன் பீவி: போன முடியக் கூப்புட்டு வர்ர பொடி துனியாலயே கெடையாது. விளம்பரத்துல சொல்றவன் சொல்லட்டும். கீற முடிய நிறுத்துனா நிறுத்தும். அதுக்கும் நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஒடம்பு கொஞ்சம் தேறும். ஆனா அந்த மாத்திரையத் தானா போடக்கூடாது. டாக்டராண்ட போயி ரத்தம் பாக்கச் சொல்லு. பொடியக் காட்டி, சேத்துச் சாப்புடலாமான்னு கேட்டுட்டு அப்பால தின்னச் சொல்லு.

ரஞ்சித்: ஆஸ்பத்திரில எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்குறாங்கன்னு போவ மாட்டேங்குது.

காத்தூன் பீவி: நீ எதுக்குக் கீற? கூட இஸ்துகினு போ. திரும்பிப் பாக்குறவன, நீ திருப்பிப் பாரு. இவ்ளோ ஒசரம் வளந்துட்டு...

ரஞ்சித்: ...போறேன். கூட்டினு போறேன்.

காத்தூன் பீவி: ஆங். இப்போ பேரு.

ரஞ்சித்: வூட்ல வெச்ச பேரா?

காத்தூன் பீவி: கூப்புட்டா எந்தப் பேருக்குத் திரும்புதோ, அந்தப் பேரு.

ரஞ்சித்: ...மகிழினி.

காத்தூன் பீவி: சத்தமா சொல்லு. எனுக்கா நல்லாவணும்? யாரு உனுக்கு?

ரஞ்சித்: தங்கச்சி.

காத்தூன் பீவி: சேத்துச் சொல்லு.

ரஞ்சித்: என் தங்கச்சி மகிழினி. அவளுக்கு... அவளுக்கு நல்லாவணும் பாயம்மா.

காத்தூன் பீவி: மகிழினியா?

ரஞ்சித்: சொல்லிட்டேனே! வந்துடுச்சு பாரு! இன்னா பாயம்மா, மடிக்காம என் மூஞ்சியவே பாக்குற?

காத்தூன் பீவி: முகத்துவாரக்குப்பம்னியே... உங்கம்மா பேரு இன்னா?

ரஞ்சித்: பவுனம்மா. எதுக்கு?

காத்தூன் பீவி: மீன் கூடையோட வரும்... நெடுநெடுன்னு, இம்மாந்தண்டி கொண்டை?

ரஞ்சித்: ஆமா... உனுக்குத் தெரியுமா? அய்யய்யோ, செத்தேன்! பாயம்மா, உன் கால்ல உழறேன், எங்கம்மாவாண்ட மட்டும் சொல்லிடாத. பொட்டலத்தக் குடு, நான் கெளம்பறேன்... ஏய், எடுத்து வெச்ச பொடிய ஏன் திருப்பி டப்பாவுல கொட்டுற?

காத்தூன் பீவி: ஒருத்திக்கே ரெண்டு பொட்டலமா குடுத்து, அந்தப் பொண்ணு வயித்தக் கெடுக்கச் சொல்றியா? போன வாரந்தான் உங்கம்மா வந்து இதே பொடிய வாங்கினு போச்சு நைனா. எம் புள்ளைக்கி ஒண்டி தெரிய வேணாம், தாங்க மாட்டான்னு என் கையப் புடிச்சிகினு சொல்லிச்சு. பேரு கேட்டேன், உன்ன மாதிரி முழிக்கல... 'எம் பொண்ணு மகிழினி'ன்னு பட்டுன்னு சொல்லிச்சு.