இசோ கேட்ட தண்ணீர்

எங்கள் வீட்டுக் கழிப்பறை நடையின் கோடியில் இருக்கிறது. என் மாமியார் இசோவுக்கு எண்பத்து நான்கு வயது. என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அவரால் நடக்க முடியும். பகலில் மட்டும் பதினோரு தடவை போய்வருவோம். என் கணவர் தெட்சுஜி இறந்து ஆறு வருடமாகிறது. வீட்டில் வேறு தோள் இல்லை.

அதனால் அவருக்குக் குடிக்கக் கொடுக்கும் பார்லித் தேநீரைக் குறைத்தேன். அப்போது கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, ஐயா. பதினோரு தடவை ஐந்து தடவையாயிற்று.

ஏப்ரலில் ஒருநாள், படுக்கையில் மத்தி மீன்கள் துள்ளுவதாகச் சொல்லி இசோ அழுதார். என்னைச் செத்துப்போன தன் தங்கை என்று நினைத்தார். தெருமுனை டாக்டர் சோதித்துப் பார்த்தார்.

"சிறுநீர்ப் பாதையில கிருமி. வயசான பொம்பளைங்களுக்குச் சமயத்துல காய்ச்சலே தெரியாது, புத்தி தடுமாறும். மறதி நோய்னு பயந்துடாதீங்க. மாத்திரையை முழுசாக் குடுங்க, தண்ணி நிறைய குடுங்க."

கொடுத்தேன். ஐந்து நாளில் தெளிந்துவிட்டார். "முப்பது வருஷமா மீனைக் கருக்கறியே ஹருயோ, உனக்கே அலுக்கலையா?" என்றார். இருவரும் சிரித்தோம். இப்போதெல்லாம் அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்க விடுவதில்லை.

நகராட்சி முதியோர் இல்லத்தில் இடம் வேண்டுமென்றால், நிலைமை மோசம் என்று, அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்து எழுதும் மதிப்பீட்டுத் தாள் சொல்ல வேண்டும். முந்தைய வருடம் வந்த அதிகாரியிடம் இசோ தேதி, கிழமை எல்லாம் பிசகாமல் சொல்லி, "ஏம்மா, இன்னும் கல்யாணம் ஆகலையா?" என்று வேறு கேட்டுவிட்டார். இடம் இல்லையென்று ஆயிற்று.

மறுபடி விண்ணப்பித்தேன். ஆகஸ்டில் வருவதாகச் சொன்னார்கள். மூன்று வாரம் இருந்தது. காலையில் அரைக் கோப்பை, மாலையில் அரைக் கோப்பை கொடுத்தேன். சிறுநீரில் நனைந்த துணியை மாற்றுவதையும் தள்ளிப்போட்டேன்.

பத்தாம் நாள், "எரியுது ஹருயோ" என்றார்.

"வெயில் காலம்மா, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அதே அதிகாரிதான் வந்தார், ஓகிதா என்ற பெண். இது என்ன காலம் என்று கேட்டார். வெளியே சில்வண்டுகள் காதைப் பிளந்துகொண்டிருந்தன. "பனி கொட்டுது, கூரையில இருந்து தள்ளணும்" என்றார் இசோ. பிறகு சட்டென்று ஓகிதாவின் சட்டைக்கையைப் பற்றிக்கொண்டார்.

"இவ எனக்குத் தண்ணி தர மாட்டேங்கறா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "கொஞ்ச நாளா இப்படித்தான். என்னையே சந்தேகப்படறாங்க."

"பாவம், எவ்வளவு பொறுமை உங்களுக்கு" என்றபடி ஓகிதா அதையும் நோயின் அறிகுறியாக எழுதிக்கொண்டார்.

முடிவுக் கடிதம் வர மூன்று வாரமாகும். அதற்குள் தெளிந்து, அவர்கள் மறுபடி வந்து பார்த்துவிட்டால் எல்லாம் வீண். அதனால் டாக்டரைக் கூப்பிடவில்லை. கடிதம் வந்ததும் கூப்பிடலாம், மாத்திரை கொடுத்தால் ஐந்தே நாளில் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். கொல்ல நினைக்கவில்லை, ஐயா. இறப்புச் சான்றிதழில் இரத்தத்தில் கிருமி பரவியது என்று எழுதினார்கள். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

கடிதம் செப்டம்பர் நான்காம் தேதி காலையில் வந்தது. நான் விரும்பியபடியே இருந்தது. அப்போது இசோவின் உடம்பு அனலாகக் கொதித்தது, உதடு வெடித்திருந்தது. அதன் பிறகும் இரண்டு நாள் உயிரோடு இருந்தார். அந்த இரண்டு நாளும் டாக்டர் வீட்டு வாசல் வழியாகத்தான் கடைக்குப் போய்வந்தேன்.